கத்தியின் விலையும் சாணையின் பயனும்

பேனாக்கத்தி வாங்கப் புறக்கோட்டைக்குச் சென்ற என் மாணாக்கர் ஒருவர் வெறுங்கையோடு மீண்டார். நடைபாதையிற் பரப்பியிருந்த கத்தி மிக மலிவு. கடையின் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த பிறநாட்டுக் கத்தியோ அதனினும் இருபது மடங்கு விலை. “ஐயா, ஒரு கத்திக்கு இவ்வளவு கொடுக்கலாமா?” என்று வினவினார். வினா சிறிதே. ஆயினும், பொருளின் மதிப்பு எதில் உள்ளது என்னும் பெருவினா அதனுள் அடங்கியிருத்தலின், விடையை இங்கு எழுதத் துணிந்தேன்.

யாழ்ப்பாணத்தார் வில்லுக்கத்தி என்று வழங்கும் மடக்குக் கத்தி தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. ஏடெழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்றொரு கருவி இருந்தது. அதன் ஒருபுறம் எழுதும் ஆணி. மறுபுறம் ஓலை வாரும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கும். கண்டி மன்னர் காலத்துச் சிங்களக் கம்மியரும் எழுத்தாணியோடு கூடிய கத்திகளை வெள்ளியும் தந்தமும் இழைத்துச் செய்தனர். அவற்றை அணிந்தோர்க்கு அவை தகுதியின் அடையாளமுமாயின. கருவிக்கு ஒரு விலை, பெருமைக்கு ஒரு விலை என்பது அன்றே உள்ள வழக்கு. வாங்குவோன் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

கத்தியின் உயிர் அதன் உருக்கும், அவ்வுருக்கைக் காய்ச்சித் தோய்க்கும் துவைச்சலுமே. துவைச்சல் குறைந்தால் அலகு வளையும், மிகுந்தால் உடையும். மலிவான கத்தியில் விற்பவர் குறைப்பது இதனைத்தான். யான் முன்பு வாங்கிய மலிவுக் கத்தி ஒன்று, பிரம்பு சீவும்போது தானே மடங்கி என் சுட்டுவிரலைப் பதம் பார்த்தது. மூன்று வாரம் கரும்பலகையில் எழுத இயலவில்லை. ஆதலின் மலிவே போதும் என்பாரோடு யான் உடன்படேன்.

விலை உயர்ந்ததே சிறந்தது என்பாரோடும் உடன்படேன். இன்று உருக்கைத் துகளாக்கி, மீண்டும் இறுக்கி அலகு செய்கின்றனர். அதன் கூர் நெடுநாள் நிற்பது உண்மை. ஆனால், மழுங்கியபின் வீட்டுச் சாணைக்கல்லுக்கு அது எளிதில் இணங்காது. வைரத்துகள் பதித்த சாணை வேண்டும். பென்சில் சீவவும் பொதிக்கயிறு அறுக்கவும் இது மிகை. அதற்கும் மேல் ஏறும் விலை பெரும்பாலும் பிடிக்கும் பெயருக்குமே உரியது.

இன்று உலகம் போற்றும் கத்திகள் எங்கே பிறந்தன என்பதையும் நோக்குக. கார்ல் எல்சனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் சுவிற்சர்லாந்துப் படைவீரர்க்குக் கத்தி செய்து கொடுத்தார். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஒபினெல் கத்தி 1890இல் தோன்றியது. மரப்பிடியும் ஓர் அலகுமே அதன் உடைமை. போர்வீரனும் உழவனும் நாள்தோறும் கையாண்டமையால் வந்த புகழ் இவற்றின் புகழ்.

“நல்ல கத்தி தலைமுறைக்கும் நிற்குமே” என்பர் சிலர். நிற்கும், பேழையில் வைத்தாலும் நிற்கும். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைக் காண்கிறார். அவை பீலி சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன. எது புகழ், எது இகழ் என்று புலவர் வெளிப்பட உரைக்கவில்லை, உரைக்கவும் வேண்டியதில்லை. கீறல் விழுமே என்றஞ்சிப் பூட்டி வைக்கும் கத்தி தொண்டைமான் வீட்டுக் கத்தி.

ஆகவே மாணாக்கருக்கு யான் கூறியது இது: நடைபாதைக் கத்தியை விடுக; பேழையின் மேல்தட்டையும் விடுக. பெயர் தெரிந்த பட்டறையின் எளிய கத்தி ஒன்றை வாங்குக. விரித்த அலகு ஆடாமலும் எளிதில் மடங்காமலும் நிற்கிறதா என்று பார்க்க. மிஞ்சும் பணத்தில் ஒரு சாணைக்கல் வாங்குக. அறிவின் கூர்மைக்கு உவமை கூறப் புகுந்த வள்ளுவர் கத்தியைக் கூறவில்லை, அரத்தையே கூறினார். கூர்மையைக் கடையில் ஒருமுறை வாங்கலாம்; பின்னர் நாள்தோறும் நாமே தீட்டிக்கொள்ளுதல் வேண்டும். கல்விக்கும் இதுவே நெறி.