ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினால் என்ன?

"இவ்வளவு காசு செலவழிச்சுப் போய், ஐஞ்சு மணியோட கலைச்சுப்போட்டாங்கள்." சோல் நகரத்துப் புக்சொன் ஹனொக் கிராமத்துக்குப் போய்வருகிறவர்களின் புதுப் புலம்பல் இது. 2025 மார்ச் முதல் அங்கே சிவப்பு வலயத்துக்குள் பின்னேரம் 5 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணிவரை சுற்றிப்பார்க்க நின்றால் 1 லட்சம் வொன் தண்டம். நல்ல வேலை என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

அது அருங்காட்சியகம் இல்லை, சனம் குடியிருக்கிற ஒழுங்கை. உள்ளுக்குள்ளே பிள்ளை படிக்கும், வயசாளி படுத்திருப்பார். வாசலில் வாடகை ஹன்பொக் உடுத்திக்கொண்டு பத்துப்பேர் படம் எடுப்பார்கள். மெதுவாகக் கதைக்கச் சொல்லிப் பல மொழிகளில் பலகை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். 2018இல் நேரம் குறித்தும் கேட்டுப் பார்த்தார்கள். அது வெறும் வேண்டுகோள், ஆர் கேட்டது?

"600 வருசப் பழமை" என்ற விளம்பரமும் அரைகுறைதான். இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே ஜொசன் காலத்துப் பிரபுக்கள் இருந்த இடம் என்பது சரி. ஆனால் நாங்கள் டிராமாக்களில் பார்த்து மயங்குகிற, கூரையோடு கூரை முட்டுகிற சின்ன வீடுகளில் பெரும்பாலானவை 1930களில் எழுந்தவை. ஜப்பானிய ஆட்சிக்காலம். சோலுக்குள் ஜப்பானியர் பெருகப் பெருகக் கொரியர்களுக்கு இருக்க இடம் இறுகியது. ஜொங் செ-குவொன் என்ற கட்டடக்காரர் பிரபுக்களின் பெரிய வளவுகளை வாங்கித் துண்டாக்கி, கண்ணாடிக் கதவும் தகரப் பீலியும் வைத்துச் சின்ன ஹனொக்குகளாகக் கட்டிக் கொரியர்களுக்கு விற்றார். கொரிய மொழிச் சங்கத்துக்குக் கட்டடம் கொடுத்தவரும் அவர்தான். 1942இல் ஜப்பானிய அரசு அந்தச் சங்கத்தை நசுக்கியபோது அவரும் பிடிபட்டார்.

தங்கட நகரத்தில் தங்கட ஆக்கள் இருக்கவேணும் எண்டு கட்டின வீடுகள் அவை. இப்ப அந்த ஆக்களையே பார்க்க வாற கூட்டம் எழுப்புது. சத்தமும் குப்பையும் தாங்காமல் குடும்பங்கள் வெளிக்கிட, வீடு கஃபே ஆகுது. அதுக்குள்ள இருந்து கோப்பி குடிச்சபடி "என்ன வடிவான பாரம்பரியம்" எண்டு நாங்கள் ரசிக்கிறம்.

சுற்றுலாதானே அவர்களுக்குச் சோறு போடுது என்பார்கள். கடைக்காரருக்குப் போடுது. பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு என்ன கிடைக்குது, வாசலில் வெறும் போத்தலைத் தவிர?

நகர நிர்வாகமும் சுத்தம் இல்லை. 2001 முதல் ஹனொக் திருத்தக் காசு கொடுத்து, ஊரை விளம்பரப்படுத்திச் சனத்தைக் கூப்பிட்டதும் அதுதான். அதற்காக வீட்டுக்காரரின் நித்திரையை விலைபேச ஏலாது.

போகிறவர்கள் காலை பத்துக்குப் பிறகு போங்கள், வாயை மூடிக்கொண்டு நடவுங்கள். படத்துக்குத்தான் ஹனொக் வேணுமென்றால், பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1998இல் திறந்த நம்சான்கொல் அதே நகரத்திலேயே இருக்கிறது. அங்கே ஒருத்தரும் குடியில்லை.