குளிர்காய எரியும் விறகு... வெப்பமெல்லாம் எங்கே போகிறது?

அடைமழை நாளில் ஈர விறகை அடுப்பில் வைத்து, ஊதி ஊதிக் கண் சிவந்த கதை நம் பாட்டிகளிடம் நிறையவே உண்டு. அங்கே வீணானது சமையல் நேரம். ஸ்வீடன் போன்ற பனி தேசத்தில் அடுப்பு சரியாக எரியாவிட்டால், வீட்டுக்குள்ளேயே விறைக்க வேண்டியதுதான்.

18-ம் நூற்றாண்டில் அந்த நாட்டுக்கு விறகுப் பஞ்சம் பற்றிய பயம் வந்தது. சுற்றிலும் காடுகளை வைத்துக்கொண்டா என்று தோன்றும். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் கரி வேண்டும். அதற்காக மரங்கள் சாய்ந்துகொண்டே இருந்தன. வீடுகளில் இருந்ததோ திறந்த கணப்பு. பார்க்க அழகு, ஆனால் ஊதாரி. பத்துக் கட்டை எரித்தால் ஒன்று, ஒன்றரைக் கட்டையின் சூடுதான் அறைக்குக் கிடைக்கும். மீதி புகைபோக்கி வழியே வானத்துக்கு. போகிற போக்கில் அறையின் கதகதப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

விறகைக் குறைத்து எரிக்கும் அடுப்பு ஒன்றை உருவாக்கும் பொறுப்பு, 1767-ல் கட்டடக் கலைஞர் கார்ல் யோஹன் க்ரோன்ஸ்டெட், ஃபேபியன் வ்ரேடே இருவரிடமும் வந்தது. அவர்கள் கை வைத்தது நெருப்பில் அல்ல, புகையில். நேராக மேலே ஓடிய புகையை, செங்கல்லால் கட்டிய குழாய்களுக்குள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும்படி சுற்றவிட்டார்கள். அந்த நீண்ட பயணத்தில் புகை தன் சூட்டைச் செங்கல்லிடம் கொடுத்துவிட்டு வெளியேறும். வெளிப்புறம் பளபளக்கும் ஓடு பதித்த இந்த அடுப்பில் ஓரிரு மணி நேரம் தீ எரிந்தால் போதும். நெருப்பு அணைந்த பிறகும் செங்கல் மணிக்கணக்கில் சூட்டைக் கசியவிடும்.

இதில் முக்கியமான விஷயம், அந்த ஓரிரு மணி நேரமும் தீ கொழுந்துவிட்டு எரிய வேண்டும். இன்று இரும்பு அடுப்பு வைத்திருக்கும் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். ராத்திரி முழுக்க விறகு வரட்டும் என்று காற்று வரும் வழியை மூடிவிட்டுப் படுக்கிறார்கள். கேட்க சிக்கனம்தான். ஆனால், விறகின் ஆற்றலில் பாதிக்கு மேல் அது சூடாகும்போது வெளியேறும் வாயுக்களில் இருக்கிறது. அவை முழுதாக எரிய சுமார் 600 டிகிரி வெப்பமும் போதுமான காற்றும் தேவை. மூச்சு முட்டும் நெருப்பில் அவை எரியாத புகையாகவே போய்விடும். போகும்போது புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

அடுத்த திருடன், ஈரம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பகுதி செலவாகிறது. பிளந்து, மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமுமாக ஓரிரு கோடைக்காலம் அடுக்கிவைத்தால் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே வரும். இங்கிலாந்தில் சிறிய அளவில் விற்கும் விறகுக்கு 2021 முதல் இந்த 20 சதவிகிதம் சட்டமே ஆகிவிட்டது. கருவி இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்க்கலாம். காய்ந்த கட்டை 'டங்' என்று ஒலிக்கும். ஈரக் கட்டை 'தொப்'பென்று மழுங்கும்.

சூட்டைப் பிடித்துவைக்கும் ஆசையில் ஓர் ஆபத்தும் உண்டு. தீ அணைந்ததும் சூடு வெளியேறாதபடி புகைபோக்கியை மூட ஸ்வீடன் அடுப்பில் ஒரு தகடு இருக்கும். தணல் கனன்றுகொண்டிருக்கும்போதே அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். நிறமில்லை, வாசனை இல்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். கடைசித் தணலும் கறுத்த பிறகே தகட்டில் கை வைக்க வேண்டும். அறையில் ஓர் எச்சரிக்கை அலாரமும் அவசியம்.

ஸ்டாக்ஹோமின் பழைய அடுக்குமாடி வீடுகளில் இந்த ஓட்டு அடுப்புகள் இன்றும் நிற்கின்றன. பல வீடுகளில் வெறும் அலங்காரமாக. மறுபடி பற்றவைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கூப்பிடுவது புகைபோக்கிப் பரிசோதகரை. உள்ளே விரிசல் தென்பட்டால், அதைச் சரிசெய்யும்வரை தீக்குச்சி கிழிக்கவே தடை.