எண்ணுதலும் பின்தொடர்தலும்

கோடைக்காலத்தில் பெருவழியோரம் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் அறவோர், நாள்தோறும் எத்தனை பானை நீர் செலவாயிற்று என்று கணக்கு வைத்தல் இயல்பு. அக்கணக்கு இன்றேல் மறுநாளைக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பது தெரியாது. ஆயின், நீர் பருகிச் சென்ற வழிப்போக்கன் அடுத்து எக்கடைக்குப் போனான், அங்கு எப்பொருளை விலை பேசினான் என்று அவன்பின் ஓர் ஆளை விடுத்து அறிய முற்படின், அதனை அறம் என எவரும் கூறார். முன்னது எண்ணுதல்; பின்னது பின்தொடர்தல். பந்தலில் வெளிப்படையாகத் தெரியும் இவ்வேற்றுமை, இணையத்தில் எளிதில் மறைந்துவிடுகிறது.

இணையதளம் ஒன்றை ஒருவர் திறக்குங்கால், அவருடைய கணினி, அத்தளம் வைக்கப்பட்டுள்ள சர்வர் என்னும் கணினிக்கு ஒரு வேண்டுகோளை விடுக்கிறது. அதனுடன் ஐ.பி. முகவரி என்னும் எண்ணும் செல்லும். முகவரி தெரியாவிடின் விடையை எங்ஙனம் அனுப்புவது? எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, எந்த நேரத்தில், எவ்வகை உலாவியால் என்பனவும், பெரும்பாலும் எத்தளத்தின் வழியாக அவர் வந்தார் என்பதும் உடன் செல்லும். சர்வர் இவற்றை வரிவரியாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். எப்பக்கம் மிகுதியாகப் படிக்கப்படுகிறது, எந்த இணைப்பு பழுதுபட்டுள்ளது என்றாற்போலத் தளத்தை நடத்துவோர்க்கு வேண்டிய செய்திகளிற் பெரும்பகுதி இவ்வேட்டிலேயே உளது.

1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி என்பார் குக்கீ என்னும் உத்தியை அமைத்தார். தின்பண்டத்தின் பெயரைத் தாங்கிய இது, உண்மையில் ஓர் அடையாளச் சீட்டே. சர்வர் தரும் சீட்டை உலாவி தன்னிடம் வைத்திருந்து, மறுமுறை செல்லும்போது திருப்பிக் காட்டும். இணையக் கடையில் கூடையிலிட்ட பொருள்கள், பக்கம் மாறியதும் மறைந்துபோகாமல் இருப்பதற்கு இஃது உதவிற்று. கருவியிற் குற்றமில்லை. ஆனால், ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் பல தளங்களில் இடம்பெற்றபோது நிலை மாறிற்று. காலையில் செய்தி படித்தவரும், நண்பகலில் ஒரு நோயைப் பற்றித் தேடியவரும், மாலையில் காலணி விலை பார்த்தவரும் ஒருவரே என்பதை அந்நிறுவனம் அறியலாயிற்று. அவரோ அந்நிறுவனத்தின் பெயரையும் கேட்டிரார்!

2005ஆம் ஆண்டில் கூகுள், அர்ச்சின் என்னும் நிறுவனத்தை வாங்கி, அவ்வாண்டிலேயே கூகுள் அனலிட்டிக்ஸ் என்னும் கணக்குப் பணியை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. சில வரி நிரலைத் தம் பக்கத்தில் ஒட்டினாற் போதும். அழகிய வரைபடங்களுடன் கணக்கு வந்துவிடும். எண்ணிறந்த தளங்கள் இதனை ஏற்றதில் வியப்பில்லை. எனினும், வீட்டுக்கு வருவோரை வீட்டுக்காரர் எண்ணாமல், அயலார் ஒருவரை வாயிலில் அமர்த்தி, அவர் தம் ஏட்டில் எழுதித் தம்முடன் கொண்டுசெல்ல விட்டதை இஃது ஒக்கும்.

ஐரோப்பாவில் இது வழக்காயிற்று. அங்கே பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. 2022 ஜனவரியில் ஆஸ்திரிய நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பும், பிப்ரவரியில் பிரெஞ்சு நாட்டு அமைப்பும் தம்முன் வந்த முறையீடுகளை ஆராய்ந்தன. இக்கருவி வழியாக வருகையாளரின் செய்திகள் போதிய காப்பின்றி அமெரிக்கா சென்றமை அவ்வொழுங்குமுறைக்கு மாறானது என அவை முடிவு செய்தன. 2023 ஜூலையில் இரு தரப்பிற்கும் இடையே புதிய ஏற்பாடு வந்தமையால் அவ்வழக்கின் கூர்மை குறைந்தது. கணக்கேடு யார் வீட்டில் இருத்தல் வேண்டும் என்ற வினாவோ குறையவில்லை.

அதற்கு விடையாக அமைந்தவற்றுள் ஒன்று மட்டோமோ. 2007இல் பிவிக் என்ற பெயரில் தோன்றி, 2018இல் இப்பெயர் பெற்ற இக்கட்டற்ற மென்பொருளை ஒருவர் தம் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஏடு வீட்டை விட்டு வெளியேறாது. இது நன்றே. ஆயினும், சொந்தச் சர்வரில் வைத்துவிட்டதனாலேயே தம் கடமை முடிந்தது எனக் கருதுவோர் பிழைபடுவர். அயலாருக்குக் கூடாத துருவி நோக்கும் இயல்பு, வீட்டுக்காரருக்கு மட்டும் எவ்வாறு ஆகும்? சுட்டி நகர்ந்த வழியையும், தயங்கி நின்ற இடத்தையும் பதிந்துவைக்கும் கருவிகளைச் சொந்தச் சர்வரிலும் நிறுவ இயலும். ஏடு எங்குள்ளது என்பதினும், அதில் என்ன எழுதப்படுகிறது என்பதே பெரிது. ஐ.பி. முகவரியின் ஈற்றுப் பகுதியை மறைத்து எழுதலாம்; பழைய வரிகளைக் குறித்த நாளில் அழிக்கலாம். கணக்கு இதனாற் கெடுவதில்லை.

மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என வினவுவாரும் உளர். பெற்றோரிடமும் சொல்ல நாணும் ஓர் உடற்குறையைப் பற்றி இரவில் தனியே படித்தறிய விழையும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. அவள் குற்றம் ஒன்றும் செய்திலள். ஆனால் தன்னை யாரோ நோக்குகின்றனர் என அறிந்தால், அப்பக்கத்தைத் திறவாமலே விடுவாள். உற்ற மருத்துவம் காலத்தில் கிடையாமற் போகும். ஒப்புதல் பெற்றே குறித்தோம் என்ற விடையும் எப்போதும் செல்லாது. ஒப்புக்கொள்ளும் பொத்தானைப் பெரிதாகவும், மறுக்கும் வழியைப் பல பக்கங்களுக்கு அப்பாலும் வைப்போர் பலர். முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக உரைத்தது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் நடத்தையைப் பின்தொடர்தலையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலையும் பொதுவாக விலக்குகிறது. அரசு விதிவிலக்கு அளிக்கவும் அதில் இடமுண்டு. விலக்கு உண்டா இல்லையா என்று தேடுதற்கு முன்னரே ஒரு பள்ளித் தளம் செய்யத்தக்கது உளது. தேர்வு அட்டவணைப் பக்கத்தை நேற்று எத்தனை பேர் திறந்தனர் என்ற எண் அதற்குப் போதும். அவ்வெண்ணையும் ஆண்டிறுதியில் அழித்துவிடலாம்.