வெற்று வீடுகளுக்கு வந்த பெருமை

செயின்ட் கில்டா பற்றி மறுபடியும் படித்தேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் செங்குத்துப் பாறைகளாக நிற்கும் தீவுக்கூட்டம். அங்கே மக்கள் வாழ்ந்த காலத்தில், காலையில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலையை முடிவு செய்வார்கள். கயிற்றில் இறங்கிப் பிடித்த கடற்பறவைகளை எல்லா வீடுகளுக்கும் பங்கிடுவார்கள், வேட்டைக்குப் போக முடியாதவர் வீட்டுக்கும். 1930 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சிய 36 பேரும் தாங்களே அரசிடம் கேட்டுக்கொண்டபடி தீவை விட்டுக் கப்பலேறினார்கள். யுனெஸ்கோ அத்தீவுகளை இயற்கைக்காக 1986-இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அங்கு வாழ்ந்தவர்களின் பண்பாட்டுக்கு அந்த மதிப்பு 2005-இல்தான் வந்தது. அதற்குள் ஊர் காலியாகி 75 ஆண்டுகள். பறவைகளையும் பாறைகளையும்விட அந்தப் பங்கீட்டு அறமே எனக்குப் பெரிய பாரம்பரியமாகப் படுகிறது. ஆனால் ஊர் காலியான பிறகு போற்றினால் போதாது; தீவு மக்களுக்கு மருத்துவமும் படகும் அவர்கள் அங்கே வாழும்போதே போய்ச்சேர வேண்டும். அதுதான் உண்மையான பாதுகாப்பு.