போஸ்டர்ல கடைசி தேதி எங்கே?

"மச்சி, சிம்போசியத்துக்கு ஒரு போஸ்டர் பண்ணிக் குடுடா. அஞ்சு நிமிஷ வேலைதானே!"

இந்த வசனத்தை நீங்க கேட்டிருப்பீங்க, இல்லேன்னா யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க. கேன்வா கொஞ்சம் தெரியும்ங்கற ஒரே தகுதியில, மூணாவது வருஷம் அந்த வேலை என் தலையில விழுந்தது. டெம்ப்ளேட் எடுத்தேன், நியான் கலர் அடிச்சேன், நடுவுல ஒரு ரோபோ கையை வெச்சேன். ஸ்டேட்டஸ்ல போட்டதும் "வேற லெவல்"னு மெசேஜ் குவிஞ்சது.

பதிவு முடிஞ்ச மறுநாள், ஒரு முதல் வருஷப் பையன் பேப்பர் பிரசன்டேஷனுக்கு எல்லாம் தயார் பண்ணிட்டு வந்து நின்னான். "கடைசி தேதியை எங்கண்ணா போட்டிருந்தீங்க?"ன்னு கேட்டான். அவன் போன்லயே ஸூம் பண்ணிக் காட்டினேன். ரோபோ கைக்குக் கீழே, கருநீலத்து மேல சாம்பல் கலர்ல, பொடி எழுத்துல இருந்தது. அதுவும் இங்கிலீஷ்ல மட்டும். ஃபார்மை மூடியாச்சு, இனி திறக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. "பரவால்லண்ணா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். எனக்குத்தான் அன்னிக்கு முழுக்க மனசு கேக்கல.

அதுக்கப்புறம்தான் கிராஃபிக் டிசைன்னா என்னன்னு உருப்படியா தேடிப் படிச்சேன். எனக்குப் புரிஞ்சது இதுதான்: பார்க்கிறவர் முதல்ல எதைப் பார்க்கணும், அடுத்து எதைப் பார்க்கணும், எது தேவையே இல்லை, இதை முடிவு பண்றதுதான் டிசைன். அழகெல்லாம் அதுக்கு அப்புறம். அப்படிப் பார்த்தா இது நம்ம வேலை, இன்ஜினியர் வேலை.

நம்பலேன்னா ஹாரி பெக்கைப் பாருங்க. லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்துல படம் வரையற டிராஃப்ட்ஸ்மேன். அப்போ இருந்த ரயில் மேப், ஊர்ல தடம் எப்படி வளைஞ்சு நெளிஞ்சு போகுதோ அப்படியே இருக்கும். நகர மையத்துல ஸ்டேஷன் பேரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கியடிச்சு நிக்கும். பெக் 1931-ல ஒரு புது மேப் வரைஞ்சார். எல்லாக் கோடும் நேரா, குறுக்கா, இல்லேன்னா 45 டிகிரி சாய்வுல. நம்ம சர்க்யூட் டயகிராம் மாதிரியேதான். ரயில்ல போறவருக்கு ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல எத்தனை கிலோமீட்டர்னு தெரிய வேண்டாம். எங்கே ஏறணும், எங்கே மாறணும், எங்கே இறங்கணும், அவ்வளவுதான் தெரியணும். அதனால தூரத்தைத் தூக்கிட்டார். அவர் மேப்ல தெருக்களும் இல்லை. தரைக்கு மேல இருக்கறதுல தேம்ஸ் நதியை மட்டும் விட்டு வெச்சார். முதல்ல நிறுவனம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. 1933-ல அச்சடிச்சுக் கொடுத்தப்போ மக்கள் அள்ளிட்டுப் போனாங்க. இன்னிக்கு சென்னை மெட்ரோ வரைக்கும் அந்தப் பாணியில மேப் போடறாங்க.

அடுத்தது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். நமக்கு அவங்களை விளக்கேந்திய நர்ஸாத்தான் தெரியும். ஆனா கிரிமியப் போர்ல செத்த பிரிட்டிஷ் சிப்பாய்களோட கணக்கை மாசவாரியா ஒரு வட்டப் படமா 1858-ல வெளியிட்டவங்களும் அவங்கதான். காயத்தால செத்தவங்க சிவப்பு, தடுத்திருக்கக்கூடிய நோயால செத்தவங்க நீலம். படத்தைப் பார்த்தா நீலம் சிவப்பை விழுங்கிட்டு நிக்கும். போரை விட அழுக்குதான் அதிகம் பேரைக் கொன்னுச்சுன்னு புரிய ஒரு வரி படிக்க வேண்டியதில்லை.

ஓவியத்துலயும் இதே கணக்குதான். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயோட பேரலைப் படத்தை டிஷர்ட்லயும் லேப்டாப் ஸ்டிக்கர்லயும் பார்த்திருப்பீங்க. சுமார் 1831-ல வந்தது. அது இருக்கற வரிசையோட பேரே ஃபூஜி மலையோட காட்சிகள்னுதான். ஆனா ஜப்பானோட உயரமான அந்த மலை, அலைக்கு அடியில பொடிசா தெரியும். அலை பெருசா இருக்கறதாலதான் அதுக்குக் கீழே படகுல குனிஞ்சு கிடக்கற ஆளுங்களோட பயம் நமக்கும் ஒட்டிக்குது. எதைப் பெருசாக்கணும், எதைச் சின்னதாக்கணும்ங்கறதுலயே பாதிக் கதை முடிஞ்சுடுது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். உங்க பர்ஸ்ல இருக்கற நோட்டுல உள்ள ரூபாய்க் குறியீட்டை வரைஞ்சவர் தமிழ்நாட்டுக்காரர், டி. உதயகுமார். 2010-ல அரசு ஏத்துக்கிட்டது. தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் சேர்ந்த வடிவம் அது. அவர் ஐஐடி பாம்பேல படிச்சப்போ ஆராய்ச்சிக்கு எடுத்தது தமிழ் எழுத்து வடிவங்களை. நாம என்னடான்னா, தமிழ் மன்ற பேனர்லயே 'தொழில்நுட்பம்'னு அடிச்சா கொம்பு 'த'வுக்குப் பின்னாடி போய் நிக்குது. பழைய ஃபோட்டோஷாப்ல தெற்காசிய மொழிகளுக்கான செட்டிங்கை ஆன் பண்ணாததுதான் பல தடவை காரணம். நானும் இங்கிலீஷ் மீடியம்தான், ஒற்றுப்பிழை எனக்கும் வரும். ஆனா உடைஞ்ச எழுத்தை அச்சுக்கு அனுப்பறது தமிழ் தெரியாததால இல்லை, யாரும் ஒரு தடவை படிச்சுப் பார்க்காததால.

"பிளேஸ்மென்ட் டென்ஷன்ல இதெல்லாம் தேவையா?"ன்னு கேக்கறீங்களா? ப்ராஜெக்ட் ரிவ்யூல ஒரே ஸ்லைட்ல பிளாக் டயகிராம், சர்க்யூட், ரிசல்ட் மூணையும் அடைச்சு வெச்சுட்டு, "உங்க அவுட்புட் எங்கப்பா?"ன்னு எக்ஸ்டெர்னல் கேட்டப்போ முழிச்சவங்க கை தூக்குங்க. நான் ரெண்டு கையையும் தூக்கறேன்.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த போஸ்டரை குரூப்ல தட்டி விடறதுக்கு முன்னாடி, அந்த ஈவென்ட் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு ஜூனியர்கிட்ட மூணு செகண்ட் காட்டுங்க. போனைத் திருப்பி வெச்சுட்டு என்ன, எங்கே, எப்போன்னு கேளுங்க. மூணுக்கும் பதில் வரலேன்னா அந்த ரோபோ கையைத் தூக்கிட்டு, அந்த இடத்துல தேதியைத் தமிழ்லயும் சேர்த்துப் பெருசா போடுங்க. இந்த வருஷப் போஸ்டரும் நான்தான் பண்ணேன். லைக் கம்மிதான். ஆனா கடைசி தேதி எங்கேன்னு இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கல.