பார்தெல் அட்டவணையில் காலனி எங்கே இருக்கிறது?

உத்திரமேரூர் என்றாலே எல்லோரும் கல்வெட்டைச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் சொன்னார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள், ஆயிரம் ஆண்டு ஜனநாயகம் என்று. விதிகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மேடையில் யாரும் வாசிப்பதில்லை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் அளவுகோல். நம் ஆட்கள் அதில் தோற்கவில்லை தோழர்களே, அளக்கவே படவில்லை.

பக்கவாதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தோம். ஆனால் கல்வெட்டுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கத்துக் காலனியில் ஒரு அண்ணன். லோடு ஏற்றும் வேலை. காலையில் பல் துலக்கும்போது வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வண்டி பிடித்து, இரண்டு இடம் அலைந்து, ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது அந்த நேரம் கடந்திருந்தது. எட்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் பார்தெல் 35 என்று போட்டு, தேறும் வாய்ப்பு குறைவு என்று ஒரு வரி எழுதியிருந்தது. அண்ணிக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்டியது நாங்கள்தான். அன்றைக்கு அந்த வரியை மருத்துவம் சொன்ன உண்மை என்று நம்பித்தான் வாசித்தோம்.

பார்தெல் என்றால் என்ன? அமெரிக்காவின் மேரிலாந்தில் மஹோனி, பார்தெல் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட அட்டவணை. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது என்று பத்து வேலைகள். மொத்தம் 100 மதிப்பெண். எளிமையானது, உலகம் முழுக்கப் பயன்படுவது. அதைத் தூக்கி எறியச் சொல்ல நாங்கள் வரவில்லை. அளக்காமல் சிகிச்சை செய்ய முடியாது.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். சாப்பிடும் வேலையில் பாதி மதிப்பெண் யாருக்கு என்றால், வெட்டித்தரவும் வெண்ணெய் தடவித்தரவும் ஆள் வேண்டியவருக்கு. வெண்ணெய்! நம் அண்ணனுக்கு விழுந்தது சோற்றுக் கை. இடது கையால் சாப்பிட நாலு பேர் முன்னால் கூசுகிறார். அதனால் அண்ணி ஊட்டுகிறார். தாளில் அது 'முடியாது' என்று பதிவாகும். கழிப்பறை போவதற்கு 10 மதிப்பெண். வாக்கர் நுழையாத கதவு, குந்தி உட்காரும் பீங்கான், பிடித்து எழ ஒரு கம்பி கூட இல்லை. அங்கே தோற்றது காலா, கதவா? சமதளத்தில் ஐம்பது கெஜம் நடக்கச் சொல்கிறது அட்டவணை. மழைக்காலத்தில் காலனித் தெருவில் ஐம்பது கெஜம் சமதளத்தை யாராவது காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் முன்கணிப்பு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு முறை உருவாக்கியிருக்கிறார்கள். பக்கவாதம் வந்த மூன்று நாளுக்குள் தோளைத் தூக்கச் சொல்வது, விரலை நீட்டச் சொல்வது. இரண்டுக்கும் ஐந்தைந்து மதிப்பெண். தேவைப்பட்டால் மேற்கொண்டு சோதனை. இதை வைத்து மூன்று மாதத்தில் கை எந்த அளவுக்குத் திரும்பும் என்று ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்குச் சரியாகச் சொல்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அந்த மூன்று மாதமும் அங்கே நோயாளிக்கு மறுவாழ்வு சிகிச்சை கிடைக்கிறது. ஆகவே அந்தக் கணிப்பு உடலை மட்டும் பற்றியதல்ல. உடலும் சிகிச்சையும் சேர்ந்தது. சிகிச்சையே இல்லாத இடத்தில் அதே மதிப்பெண் அதே எதிர்காலத்தைச் சொல்லாது.

இங்கே நடப்பது தலைகீழ். தேறமாட்டார் என்று முதலில் எழுதுகிறார்கள். எழுதியதால் பிசியோதெரபிக்கு அனுப்புவதில்லை. அனுப்பாததால் தோள் இறுகி, விரல் மடங்கி, அவர் தேறுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கணிப்பு பலித்திருக்கும். ஜோசியக்காரனே கிளியின் சிறகை வெட்டிவிட்டு 'இது பறக்காது' என்று சொல்வது போல.

குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அதையும் சோதித்தாயிற்று. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே சிகிச்சை செய்ய வைத்தார்கள். ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்த்து 47 சதவீதம். பயிற்சி பெறாத குழுவிலும் அதே 47. பயிற்சி கொடுத்தே இதுதான் நிலை. எந்தப் பயிற்சியும் இல்லாமல் நூறு நாள் வேலைக் கூலியையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணியின் தலையில் எதைக் கட்டுகிறார்கள்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே அனுப்பியது. நல்ல திட்டம், நம் தெருவுக்கு அப்படி ஒருவர் வருவதே பெரிய விஷயம். ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்பது கணக்கு. உத்திரமேரூர் ஒன்றியத்தில் எழுபதுக்கு மேல் ஊராட்சிகள். விழுந்த கைக்கு வேண்டியது தினப்பயிற்சி. ஒரே ஒருவர் எத்தனை வீட்டுக்கு எத்தனை நாள் வர முடியும்?

இதற்கிடையில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனால், நரம்பு சார்ந்த பாதிப்பை ஆறு மாதம் கழித்துத்தான் அளப்போம் என்கிறது விதி. மதிப்பீட்டுக்கு அது நியாயம், நிலை மாறிக்கொண்டிருக்கும். வயிற்றுக்கு? கை வேகமாகத் திரும்பக்கூடிய முதல் மாதங்களில்தான் வீட்டில் பஸ் காசு இருக்காது. சான்றிதழ் வரும்போது கை இறுகியிருக்கும்.

அண்ணல் அம்பேத்கரைக் கடைசி ஆண்டுகளில் சர்க்கரை நோயும் நரம்பு வலியும் வாட்டின. ஆள் தாங்காமல் நடக்க முடியாத நாட்கள் இருந்தன. படியேறுவதற்கு அவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள்? அந்த நிலையில்தான் அவர் புத்தரும் அவர் தம்மமும் நூலை எழுதி முடித்தார்.

மருத்துவம், பிசியோதெரபி, நர்சிங் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்க் காலனியில் பக்கவாதம் வந்தவர்களின் டிஸ்சார்ஜ் தாள்களை, அவர்கள் சம்மதத்தோடு, வாங்கிப் பாருங்கள். பெயர் வேண்டாம். என்ன மதிப்பெண், என்ன கணிப்பு, அதன்பின் எத்தனை முறை பிசியோதெரபி கிடைத்தது, இன்றைக்கு என்ன மதிப்பெண். நாலே கட்டம். ஊர்த் தெருவிலும் இதையே எடுங்கள், ஒப்பிட வேண்டும். எங்கள் தாள்களில் எதிலும் சாதிக்கென்று ஒரு கட்டம் இல்லை. அதை நாம்தான் போட்டாக வேண்டும்.

அந்த அண்ணன் இப்போது இடது கையில் கோல் பிடித்துத் தெருமுனைக் குழாய் வரை போய் வருகிறார். பி.பி.டி. படிக்கும் ஒரு தங்கை நான்கு மாதம் ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுத்தாள். போன வாரம் அவரை அதே அட்டவணையில் உட்கார்ந்து அளந்தோம். 60. படியேறுவதற்கு மட்டும் மதிப்பெண் போட முடியவில்லை. அந்தத் தெருவில் படி உள்ள வீடு ஒன்றுகூட இல்லை.