மறையாக்கத்தின் வேகமும் நேர்மையான அளவும்

மறைமலை நகர், மறைமலையடிகளாரின் பெயர் தாங்கிய ஊர். அடிகளார் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கியவராதலின், கல்லூரி மாணவர்க்கு அப்பெயர் புதிதன்று. அப்பெயரிலுள்ள மறை, வேதத்தைக் குறிப்பது. அந்நகரிலும் ஒரகடத்திலும் வளர்ந்துள்ள மோட்டார்த் தொழிலுக்கோ பிறிதொரு மறை வேண்டியதாயிற்று. இக்கால வண்டிகளுள் சிறு கணிப்பொறிகள் பல உள. சாவி கதவுக்கு விடுக்கும் செய்தியைக் கள்வர் அறியாவண்ணம் உருமாற்றிக் காத்தலே மறையாக்கம்.

மறையாக்கம் வேலையைத் தாமதப்படுத்தும் என்று கூறி, அதனைக் கைவிட எண்ணுவாரும், வலுக்குறைந்த முறையை நாடுவாரும் உளர். அதற்கு ஆதாரமாகக் காட்டும் எண் எவ்வாறு அளக்கப்பட்டது என்று வினவாமல் ஏற்றல் தகாது என்பதே எம் கருத்து.

ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிக்கும் ஆய்வு நிலையம் ஒன்றுண்டு. வண்டியை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து, எண்ணெய்ச் செலவு இவ்வளவே என்று முடிவு கட்டுவார் எவருமில்லை. மறையாக்க மென்பொருளை அளப்பதிலோ அத்தகைய பிழை எளிதில் நேர்கின்றது. வட்டிலுள்ள கோப்பை மறைத்து நேரம் குறித்தால், அளக்கப்படுவது வட்டின் வேகமாகவே இருத்தல் கூடும். அதே கோப்பை மறுமுறை எடுத்தால், அது நினைவகத்தில் தங்கியிருத்தலின் வேகம் மிக்கதாய்த் தோன்றும். பொறி சூடேறினாலோ வேகம் தாழும். 16 பைட்டு அளவான சிறு செய்தியில், திறவுகோலை ஆயத்தம் செய்யும் நேரமும் பெரிதாய்த் தெரியும். பெருங்கோப்பில் அது புலப்படாது.

1997-இல் அமெரிக்கத் தர நிறுவனம் புதிய மறையாக்க முறையொன்றை நாடிற்று. 15 முறைகள் போட்டிக்கு ஏற்கப்பட்டன. ஒரு சில்லில் முந்திய முறை மற்றொன்றில் பிந்தியது. ஆதலின், பலவகைப் பொறிகளில் சோதித்த பின்னரே 2000-இல் ரைண்டால் என்னும் முறை தெரிவு செய்யப்பட்டு, ஏ.இ.எஸ். என்ற பெயரால் 2001-இல் தரமாயிற்று. 2010 முதல் இன்டெல் சில்லுகளில் அதற்கெனத் தனிக் கட்டளைகளும் அமைந்தன. அத்தகைய பொறியில் எடுத்த எண், அக்கட்டளைகளில்லாத சிறு பொறிக்குப் பொருந்துமோ?

ஆகவே, வேகத்தைக் கூறுவோர் பொறி இன்னது, செய்தியின் நீளம் இவ்வளவு, திறவுகோல் ஆயத்தம் கணக்கில் சேர்ந்ததா இல்லையா, எத்தனை முறை அளந்தனர் என்பவற்றையும் கூறுதல் கடன். மிகச் சிறந்த முடிவொன்றை மட்டும் காட்டாது, வரிசையின் நடுவில் நிற்கும் அளவையும், அளவுகள் விலகும் எல்லையையும் காட்டுதல் வேண்டும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு எனச் சிலர் வினவலாம். பொய்யளவை நம்பிக் காவலைக் கைவிட்டவன், பொருளை இழந்தபின் மெய்யளவை அறிந்து பயனென்? நம் மாணவர், ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தமக்கு உவப்பில்லாத எண்ணையும் எழுதப் பழகுவாராக.